இறங்காமலே திரும்பும் படகு

தை மாதத்தில் கொல்கத்தா விரைவாக இருட்டிவிடுகிறது. ஐந்தரை மணிக்கெல்லாம் வானத்தின் செம்மை வடிந்து, ஹூக்ளி ஆற்றின் மேல் மெல்லிய பனிப்புகை படியத் தொடங்கும். மில்லேனியம் பூங்காவை ஒட்டிய படகுத்துறையில் நானும் என் பெற்றோரும் போய் நின்றபோது, எதிர்க்கரையில் ஹவுராவின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின. இரவு உணவுடன் கூடிய ஆற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்திருந்தேன்.

"இந்தப் படகு எந்தக் கரைக்குப் போகும்?" என்று, நுழைவுச் சீட்டைச் சரிபார்த்த இளைஞரிடம் அப்பா வங்காள மொழியில் வினவினார். கும்பகோணத்தில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய வங்காளம் துருப்பிடிக்கவில்லை. "எந்தக் கரைக்கும் போகாது, தாத்தா. சுற்றிவிட்டு இதே துறைக்குத் திரும்பிவிடும்" என்றார் இளைஞர். அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். எங்கும் போகாத படகுக்குத் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாயா?

அப்பா 1965-இல், இருபத்திரண்டு வயதில், வேலை தேடிக் கல்கத்தா வந்தவர். ஸ்ட்ராண்டு சாலையில் ஒரு கப்பல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே 2001-இல் ஓய்வு பெற்றார். எங்கள் குடியிருப்பு ஆற்றின் மறுகரையில் ஹவுராவில் இருந்தது. பணிக்காலத்தின் கடைசி இருபது ஆண்டுகளும் அவர் நாள்தோறும் பயணிகள் படகில்தான் ஆற்றைக் கடந்தார். காலையில் ராமகிருஷ்ணபூர் துறையில் ஏறிச் சாந்த்பால் துறையில் இறங்குவார். மாலையில் அதே வழியில் திரும்புவார். ஆறு அவருக்கு அலுவலகப் பாதை, அவ்வளவே.

அம்மாவுக்கு அது வேறாக இருந்தது. மாதத்தில் ஒரு முறையோ இரு முறையோ, லேக் மார்க்கெட்டில் காப்பித் தூளும் அப்பளமும் வாங்குவதற்காக எங்களை அழைத்துக்கொண்டு அவர் படகேறுவார். ஆற்றின் நடுவில் காற்று முகத்தில் படும் அந்தச் சில நிமிடங்கள் அவருக்குப் போதவே இல்லை. ஒருநாள் அப்பாவிடம் கேட்டார்: "ஒரே ஒரு தடவை அந்தக் கரையில் இறங்காமல் அப்படியே அதே படகில் திரும்பி வரலாமாங்க?" அப்பா சிரித்துக்கொண்டே, "இரண்டு சீட்டு ஆகும். ஆனால் போன காரியம் என்று ஒன்றும் இருக்காதே. அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார்.

அவரைக் கஞ்சர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஊரில் இருந்த தாத்தாவுக்குப் பணவிடை, அஞ்சலகத்தில் தொடர் வைப்பு, ஆயுள் காப்பீட்டுத் தவணை, எங்கள் இருவருடைய பள்ளிக் கட்டணம் என்று மாதச் சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே முகவரி எழுதப்பட்டிருந்த காலம் அது. அந்தக் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை என்பதால்தான் நாங்கள் படித்தோம். ஆயினும் அந்த 'அடுத்த மாதம்' மட்டும் வரவே இல்லை. பிறகு அம்மாவும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் மறக்காமல் வைத்திருந்தேன்.

உறவினர் இல்லத் திருமணத்துக்காக இவ்வாண்டு ஹவுரா வந்தபோது, கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்தே, கேட்காமல் சீட்டு எடுத்தேன்.

அன்று மாலை ஹவுரா மைதானத்திலிருந்து மெட்ரோ இரயிலில் வந்தோம். 2024 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இத்தடம், இந்தியாவில் முதன்முதலாக ஓர் ஆற்றின் அடியில் ஓடும் மெட்ரோத் தடம். ஆற்றுக்கு நேர் கீழே அமைந்த சுரங்கப்பகுதி 520 மீட்டர் நீளம்; அதைக் கடக்க ஏறத்தாழ 45 விநாடிகளே ஆகின்றன. அவ்விடத்தில் மட்டும் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் ஒளிர்கின்றன. "இவ்வளவுதானா ஆறு?" என்றார் அம்மா. மகாகரண் நிலையத்தில் இறங்கி மெல்ல நடந்தே துறைக்கு வந்துவிட்டோம்.

படகுக்கு இரண்டு தளங்கள். கீழ்த்தளம் கண்ணாடி அடைத்து, குளிரூட்டப்பட்டு, மேசைகள் இடப்பட்ட உணவுக்கூடம். மேல்தளம் திறந்தவெளி. கீழ்த்தளத்தில் ஒலிபெருக்கிப் பாடல் காதைத் துளைத்தது. சற்றுக் குறைக்கும்படி வேண்டியபோது பணியாளர் புன்னகையுடன் இசைந்தார். இரண்டு நிமிடங்களில் ஒலி பழைய நிலைக்கே ஏறிவிட்டது. மேல்தளத்துக்குச் சென்று, கம்பளிச் சால்வைகளைப் போர்த்திக்கொண்டு, ஓரமாக மூன்று நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டோம். அதுவே நல்லதாயிற்று.

படகு முதலில் தெற்கு நோக்கிச் சென்றது. இடப்புறம் ஸ்ட்ராண்டு சாலை. வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு இந்தச் சாலை ஒருவகையில் பூர்வீகம் என்றே சொல்லலாம். 1806-இல் இந்நகரில் தொடங்கப்பட்ட பாங்க் ஆஃப் கல்கத்தா, 1809-இல் பாங்க் ஆஃப் பெங்கால் என்று பெயர் மாறி, இச்சாலையில் தலைமையகம் கொண்டு இயங்கியது. சென்னையிலும் பம்பாயிலும் தோன்றிய இரு உடன்பிறப்புகளுடன் 1921-இல் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாக உருவெடுத்தது அதுவே. ரிசர்வ் வங்கியும் 1935 ஏப்ரல் முதல் நாள் தன் பணியைத் தொடங்கியது கல்கத்தாவில்தான். தலைமையகம் பம்பாய்க்கு நிலையாகச் சென்றது 1937-இல். கப்பலில் சரக்கு வந்து இறங்கும் கரையில் பணமும் வந்து தங்குவது இயல்பு. தன்னுடைய பழைய அலுவலகம் இருந்த திசையை அப்பா கைகாட்டினார். இருட்டில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாந்த்பால் துறையையும், ராணி ராஷ்மணியின் கணவர் ராஜசந்திர தாஸ் 1830-இல் கட்டிய பாபு காட் என்னும் தூண் மண்டபத் துறையையும் கடந்து, பிரின்செப் துறைக்கு எதிரே படகு வேகம் தணிந்தது. விளக்கொளியில் வெண்மையாய் நிற்கும் அந்தக் கிரேக்கபாணி மண்டபத்தைப் பலரும் புகைப்படம் எடுத்தனர். அது யாருக்காக எழுப்பப்பட்டது என்பதைப் படகின் ஒலிபெருக்கி ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டது. அந்த மனிதருக்கு ஒரு வரி போதாது.

ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் மாற்றை உரைத்துப் பார்க்கும் தலைமை அலுவலராக இருந்தவர். பகுதிக்கொரு ரூபாய், சந்தைக்கொரு எடை என்று மக்கள் திண்டாடிய காலத்தில், கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே சீரான நாணயமும் எடையும் வேண்டும் என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர். 1835-இல் ஒரே எடையும் மாற்றும் கொண்ட ரூபாய் நடைமுறைக்கு வந்தது. பகலில் வெள்ளியை உரசிப் பார்த்த அதே மனிதர், ஓய்வு நேரத்தில் பழங்காசுகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஒப்புநோக்கி, யாராலும் படிக்க இயலாதிருந்த பிராமி எழுத்தை 1837-இல் படித்துக்காட்டினார். அசோகன் பேசத் தொடங்கியது அப்போதுதான். பின்னாளில் மதுரைப் பக்கத்துக் குகைகளில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை நம் அறிஞர்கள் வாசிப்பதற்கும் அவர் இட்ட அடித்தளமே உதவியது. உழைப்பு அவர் உடலை உருக்கிற்று. 1840-இல் இங்கிலாந்தில், நாற்பது வயதில் மறைந்தார். அவர் நினைவாக இந்நகரத்தார் எழுப்பிய மண்டபம் 1843-இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் படகிலிருந்து இறங்குவோர் அதன் படிகளில்தான் கால் வைப்பராம். பின்னர் ஆறு விலகிப் போய்விட்டது. இப்போது மண்டபத்துக்கும் நீருக்கும் இடையே வட்ட இரயில் ஓடுகிறது.

அதற்கு மேலே, வானத்தில் கட்டிய யாழ்போல் வித்யாசாகர் சேது. 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பாலம் திறக்கப்பட்டது 1992 அக்டோபரில். நடுவில் இருபது ஆண்டுகள். "ஒவ்வொரு நாளும் படகிலிருந்து பார்ப்பேன். ஒரு தூண் எழும்; அப்புறம் பல மாதங்கள் ஒன்றும் நடக்காது. நான் ஓய்வு பெறுவதற்குள் முடியாது என்று அலுவலகத்தில் பந்தயம் கட்டி இரண்டு ரூபாய் தோற்றேன்" என்றார் அப்பா. அந்த இரண்டு ரூபாயை அவர் இன்னும் மறக்கவில்லை.

பாலத்தின் கீழே படகு திரும்பி, ஹவுராக் கரையை ஒட்டி வடக்கே செல்லலாயிற்று. உணவு தயார் என்று அழைப்பு வந்தது.

உணவைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதற்காக மட்டும் படகேறுவோர் ஏமாற்றமடையக்கூடும். வங்காளச் சமையலின் நயங்கள் இத்தகைய விருந்து மேசைகளில் பாதியளவே எட்டுகின்றன. மீன் வறுவல் தட்டுகள் வந்த வேகத்தில் காலியாயின. மரக்கறி உண்போருக்கு லூச்சி, உருளைக்கிழங்கு தம், கத்தரிக்காய் வறுவல், பாலாடைக்கட்டிக் குழம்பு ஆகியன இருந்தன, லூச்சி ஆறிப்போயிருந்தது. ஆனால் இறுதியில் பரிமாறிய புதுப் பேரீச்ச வெல்லச் சந்தேஷ் எல்லாக் குறைகளையும் மன்னிக்கச் செய்தது. குளிர்காலத்தில் மட்டுமே இறங்கும் இந்த வெல்லத்தின் மணம், பிற மாதங்களில் எவ்வளவு விலை கொடுத்தாலும் வாராது. அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றொன்றைக் காகிதக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்தார். எழுபத்தாறு வயதிலும் இந்தப் பழக்கம் போகவில்லை.

அப்பா தட்டை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொரு காகிதக் கைக்குட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு 280 வேலை நாள், நாளுக்கு இரு முறை, இருபது ஆண்டு. கூட்டிப் பெருக்கி 11,200 என்று அடியில் கோடிட்டார். "இத்தனை முறை இந்த ஆற்றைக் கடந்திருக்கிறேன். செய்தித்தாளைத்தான் பார்த்திருக்கிறேன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் எழுந்து மீண்டும் மேல்தளத்துக்குச் சென்றனர். நான் தேநீர் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

இடப்புறம் ராமகிருஷ்ணபூர் துறை வந்தது. ஒரு விளக்குக் கம்பம், ஒரு மிதவை, படகுக்காகக் காத்திருக்கும் சிலர். எங்கள் படகின் வண்ண விளக்குகளை அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பையன் கையசைத்தான். அப்பா பதிலுக்குக் கையசைத்ததை அன்றுதான் பார்த்தேன். நீரில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் எங்களுக்கு முன்னே வடக்கு நோக்கி மிதந்து சென்றன. கடல் இங்கிருந்து எட்டாத் தொலைவில் இருந்தாலும், ஏற்றவற்றம் இந்நகரையும் தாண்டி உள்ளே வரும். செடி வடக்கே போனால் ஏற்றம், தெற்கே போனால் வற்றம். சிறுவயதில் அம்மா எங்களுக்குக் கற்பித்த பாடம் இது. படகுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

செங்கல் கோபுரங்களுடன் ஹவுரா இரயில் நிலையம் ஒளிர்ந்தது. 1854-இல் இங்கிருந்து முதல் இரயில் புறப்பட்டபோது ஆற்றின்மேல் பாலம் கிடையாது. கல்கத்தாவாசிகள் எதிர்க்கரையில் உள்ள ஆர்மீனியத் துறையிலேயே இரயில் சீட்டு வாங்கி, நீராவிப் படகில் இக்கரை வந்து வண்டி ஏறினர். 1874-இல் மிதவைப் பாலம் அமைந்தது. கப்பல்கள் செல்லும்போது அதன் நடுப்பகுதியைத் திறந்துவிடுவார்கள். அதற்கு மாற்றாக வந்ததே இப்போது எங்கள் தலைக்கு மேல் விரிந்த ஹவுரா பாலம்.

அதன் அடியில் படகு நுழைந்த அந்த ஓரிரு நிமிடங்களுக்காகவே இப்பயணம் தகும். 26,500 டன் எஃகு, பெரும்பகுதி டாட்டா ஆலையில் வார்க்கப்பட்டது. மரையாணிகள் இன்றி, அறைந்து இறுக்கிய ஆணிகளாலேயே பிணைக்கப்பட்டது. ஆற்றுக்குள் ஒரு தூணும் இல்லை. கரையிலிருந்தோ பாலத்தின் மேலிருந்தோ பார்க்கும்போது அது ஒரு சாலை. கீழிருந்து பார்க்கும்போதுதான் அந்தப் பாரம் முழுவதும் காற்றில் நிற்பது புலப்படுகிறது. பேருந்துகளின் அதிர்வு எஃகின் வழியாக இறங்கி, நீரின் மேல் ஒரு முழக்கமாக விழுகிறது. விளக்குகள் ஊதாவிலிருந்து பொன்னிறத்துக்கு மாறின. 1943 பிப்ரவரியில், சப்பானிய விமானத் தாக்குதல் அச்சத்தால், திறப்பு விழாவே இல்லாமல் இப்பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. அப்பா பிறந்ததும் அதே ஆண்டில்தான். "எனக்கும் பெயர்சூட்டு விழா நடக்கவில்லை, போர்க்காலம்" என்றார் அவர், பாலத்தை அண்ணாந்து பார்த்தபடி. போர்க்குண்டுக்குத் தப்பிய இந்தப் பாலத்தை வெற்றிலை பாக்கு எச்சில் அரித்த கதையும் உண்டு. தாங்குகம்பிகளின் அடிப்பகுதி அரிக்கப்படுவது கண்டு, 2011 வாக்கில் கண்ணாடியிழை உறைகளைப் போர்த்த வேண்டியதாயிற்று.

பாலத்தைத் தாண்டியவுடன் ஜகந்நாதத் துறை. அதற்கப்பால், ஸ்ட்ராண்டு சாலையின் உட்புறத்தில், பிரின்செப் பணியாற்றிய பழைய வெள்ளி நாணயச் சாலை இருக்கிறது. 1952-இல் அலிப்பூரில் புதிய நாணயச் சாலை திறக்கப்பட்ட பின் அது பயனிழந்தது. நீரிலிருந்து இரவில் அதைக் காண இயலாது. பகலில் போய்ப் பார்த்தால் வெளித்தோற்றம் மட்டும் காணலாம். நீம்தலா மயானத் துறையின் நெருப்பு தொலைவில் தெரிந்தவுடன் ஒலிபெருக்கிப் பாடல் தானாகவே தணிந்தது. இரவீந்திரநாத் தாகூரின் உடல் 1941-இல் எரியூட்டப்பட்ட இடம் அது. படகு அங்கிருந்து திரும்பியது.

இப்பயணத்தை எண்ணும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையே உகந்த காலம். சித்திரை, வைகாசி மாலைகளில் 'கால்பைசாகி' என்னும் திடீர்ப் புயல்காற்று வீசும், பயணம் இரத்தாகக்கூடும். துர்கா பூஜையின் இறுதி நாள்களில் சிலைகளை ஆற்றில் விடுவதால் படகு நேரங்கள் மாறும். மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகமும் தனியாரும் ஆற்றுலாக்களை நடத்துகின்றனர். உணவு கட்டணத்தில் அடங்குமா, மரக்கறி உணவு தனியே சமைக்கப்படுகிறதா, இரத்தானால் பணம் எவ்வாறு திரும்பும் என்பவற்றைப் பதிவின்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ அனுப்பும் இணைப்பில் பணம் செலுத்தாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாரேனும் பின் எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்டால், அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. முதியோர் இருந்தால் மிதவைப் பாலத்தின் சரிவு எத்தகையது என்று விசாரியுங்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அது செங்குத்தாக இருக்கும். உயிர்காப்பு உடை எங்குள்ளது என்று ஏறியவுடன் பார்த்துவையுங்கள். இவ்வளவு செலவு வேண்டாம் எனின், ஹவுரா நிலையத்துக்கு எதிரே உள்ள துறையிலிருந்து பயணிகள் படகில் பாபு காட் வரை சென்று வாருங்கள். சில ரூபாயில் அதே ஆறு, அதே காற்று.

திரும்பும் வழியில் மேல்தளத்தில் கூட்டம் குறைந்திருந்தது. மண்குவளைத் தேநீரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அம்மா ஆற்றையே பார்த்திருந்தார். "அந்தக் காலத்திலேயே வந்திருக்கலாம்" என்று அப்பா தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்போ வந்திருந்தா இந்தப் பிள்ளைங்க ரெண்டும் தண்ணிக்குள்ள எட்டிப் பார்க்காம பிடிச்சிக்கிட்டே இருந்திருப்பேன். ஆத்தை எங்க பார்த்திருப்பேன்?" என்றார் அம்மா. சமாதானத்துக்குச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி எண்ணினாரா என்று எனக்கு விளங்கவில்லை.

படகுத்துறை நெருங்கியது. எந்திரத்தின் ஒலி மாறியதுமே அப்பா எழுந்துவிட்டார். கொல்கத்தாவில் நாள்தோறும் படகேறுவோர் அனைவருக்கும் உள்ள வழக்கம் அது. கயிறு கட்டும் முன்பே விளிம்பில் நின்று, மிதவை இடிக்கும் நொடியில் தாவி இறங்கி, அலுவலகத்தை நோக்கி ஓடுவார்கள். எண்பதைக் கடந்த கால்கள் அதை இன்னும் நினைவில் வைத்திருந்தன. படிக்கட்டுப் பக்கம் அவர் இரண்டடி வைத்தபோது, அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்க. எல்லாரும் இறங்கட்டும்."

அப்பா உட்கார்ந்தார்.